கடலோர வீட்டின் பலகைத்தளம்

வீட்டின் புறத்தே, கூரையின்றி, நிலத்தினின்றும் உயர்த்தி, தூண்களின்மேற் பலகை பாவி அமைக்கும் திறந்த தளத்தை அமெரிக்கர் 'டெக்' என்பர். கப்பலின் மேற்றளத்துக்கு உரிய பெயர் அது. மூடுவது, கவிவது என்னும் பொருளுடைய பழைய டச்சுச் சொல்லினின்றும் அது பிறந்ததென மொழிநூலார் கூறுவர். கப்பலை மூடிய பலகை வீட்டுக்கு வந்தவிடத்துத் திறந்தவெளியாயிற்று. சொற்களின் வாழ்க்கை இங்ஙனம் விந்தையுடையதே. நம் திண்ணையை இதற்கு நேராகக் கூறலாமோவெனின், ஆகாது. திண்ணையின் உள்ளெல்லாம் கல்லும் மண்ணும் நிறைந்து கிடக்கும். அதன் கீழே வெற்றிடம் இல்லை. இதன் கீழோ காற்று ஊடாடும் வெற்றிடம் உண்டு. இக்கட்டுரைக்கு உயிராயிருப்பது அவ்வெற்றிடமே யாதலின், திண்ணை என்னும் இனிய சொல்லை விடுத்துப் பலகைத்தளம் என்றே வழங்குவேன்.

இலக்கியம் பயிலும் மாணவன் தச்சுத் தொழிலைப்பற்றி எழுதுவதென்னை என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். ஆணியையும் சட்டத்தையும் பற்றித் தெளிவாகப் பேச இயலாத மொழி நெடுங்காலம் வளமாக வாழுமென யான் நம்பவில்லை; இவ்வளவே அவர்கட்கு யான் சொல்லும் விடை.

அமெரிக்க நாட்டின் கீழ்க்கரையிலே, வட கரோலினா மாநிலத்துக்கு முன்னே, பெருநிலத்தைக் காக்கும் வேலிபோல மணற்றீவுகள் நீண்டு கிடக்கின்றன. வடபாலுள்ளவற்றை அவுட்டர் பாங்க்ஸ் என்பர். தென்மேற்கே போக் பாங்க்ஸ் என்னும் தீவில் எமரால்ட் ஐல் என்ற ஊர் உளது. ஆங்குள்ள வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. புயற்காலத்தில் பொங்கியேறும் கடல்நீர் கீழே புகுந்து செல்லுமாறு உயர்ந்த மரத்தூண்களின்மேல் நிற்பவை. கோடையில் வெளியூரார் வாடகைக்கு வந்து தங்குவர். கடலை நோக்கிய பலகைத்தளம் இல்லாத வீட்டை அவர் விரும்புதல் அரிது. விருந்தும் உறக்கமும் பேச்சும் அத்தளத்தின்மேலேயே நிகழும்.

முன்னெல்லாம் இத்தளங்கள் முழுதும் மரத்தாலேயே அமைந்தன. அந்நாட்டுத் தென்பகுதியில் விளையும் மஞ்சட் பைன் மரத்தை அறுத்து, பூஞ்சையும் கறையானும் அணுகாவண்ணம் மருந்தேற்றிப் பயன்படுத்தினர். மரம் தன் அகலத்தில் ஈரத்தால் விரியும், வெயிலிற் சுருங்கும். இவ்விரண்டும் மாறி மாறி நிகழ்தலின் பலகை வெடிக்கும்; கிண்ணம்போல வளையும்; வெறுங்காலில் சிராய் ஏறும். ஆண்டுக்கொரு முறையோ ஈராண்டுக்கொரு முறையோ தேய்த்துக் கழுவி எண்ணெய்ப் பூச்சிட வேண்டும். விடுமுறை வீட்டுக்கு வருவோர்க்கு அவ்வேலையில் மனம் செல்லாமை இயல்பே. இக்குறையை நிரப்பவே கலவைப்பலகை தோன்றிற்று.

கலவைப்பலகையாவது, மரத்தூளையும் உருக்கிய பிளாஸ்டிக்கையும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்து, சேவை நாழியில் மாவைப் பிழிவதுபோல அச்சின் வழியே பிழிந்தெடுத்த பலகை. பிளாஸ்டிக்குப் பங்கு பெரும்பாலும் பாலிதீன். கடைப் பைகளும், சிப்பங்களைச் சுற்றிவரும் மெல்லிய தாள்களும் அதற்கு மூலப்பொருளாகின்றன. மரத்தூள் வந்ததோ தச்சுப் பட்டறைகளின் கழிவிலிருந்து. ஒருவர் எறிந்த இருவகைக் குப்பை ஒன்றுகூடி மற்றொருவர் வீட்டுத் தளமாகின்றது. மோபில் என்னும் எண்ணெய் நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்த தொழில் 1996இல் பிரிந்து டிரெக்ஸ் என்னும் பெயரால் வெர்ஜீனியா மாநிலத்தில் தனியே நடைபெறலாயிற்று. அதன்பின் இப்பலகை நாடெங்கும் பரவிற்று.

தொடக்ககாலப் பலகைகளில் ஒரு குறை வெளிப்பட்டது. மரத்தூள் பிளாஸ்டிக்கினுள் முற்றும் மறைந்துவிடும் என எண்ணினர். மேற்பரப்பிலோ தூளின் பகுதிகள் வெளியே தலைகாட்டி நின்றன. அவ்விடங்களில் ஈரம் புகுந்தது. கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்தது. வெயிலில் நிறம் வெளிறிற்று. இதனாற் பிற்காலத்தில், 2010ஆம் ஆண்டையொட்டி, பலகையின்மேல் தூளற்ற தூய பிளாஸ்டிக்கு உறையொன்றைச் சேர்த்தே பிழிந்தெடுக்கும் முறை பெருகிற்று. இன்று கடற்கரைக்கு வாங்குவோர் உறையிட்ட பலகையையே தேர்தல் நன்று. அதனினும், கீழ்ப்புறத்தையும் சேர்த்து நாற்புறமும் உறையிட்டது சிறந்தது. கடலோரத்தில் ஈரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. நிறத்தைத் தெரிவதிலும் ஒரு சொல்: கரிய பலகை கோடை நண்பகலில் வெறுங்காலைச் சுடும். கண்ணுக்கு அழகென்று கருமையைத் தேர்ந்து, பின்னர்ச் செருப்போடு நடப்பதிற் பயனென்னை?

நிற்க. இப்பலகையை விற்போர் கூறும் சிறப்பு, பராமரிப்புக் குறைவு என்பது. வாங்குவோர் செவியில் அது பராமரிப்பின்மை என்றே விழுகின்றது. குறைவு வேறு, இன்மை வேறு என்பதை இலக்கணம் பயில்வோர்க்கு யான் விரித்தல் வேண்டா. ஆனால் இதில் மற்றொரு மயக்கமும் உண்டு, அதுவே பெரிது. அச்சொல் பலகைக்கு மட்டும் உரியது; தளம் முழுமைக்கும் உரியதன்று. கலவைப்பலகை தன் பளுவைத்தானும் நெடுந்தூரம் தாங்கவல்லதன்று. அதைத் தாங்குவது கீழேயுள்ள சட்டம். சட்டத்தைத் தாங்குவது உத்திரம். உத்திரத்தைத் தாங்குவது தூண். இவையெல்லாம் இன்றும் பெரும்பாலும் பைன் மரமே. அவற்றைப் பிணைப்பனவோ இரும்பு. ஆகவே இருபத்தைந்தாண்டு கெடாத தோலை, அத்துணைக் காலம் நில்லாத எலும்புக்கூட்டின்மேற் போர்த்தியவாறாகின்றது. மரப்பலகையாயின் மேலே கெடும்போதே, கீழேயும் பார்க்க வேண்டுமென்ற எண்ணம் எழும். மேலே புதுமை குன்றாது விளங்கும் பலகையோ அவ்வெண்ணத்தை எழவொட்டாது. கடலோரத்தில் இது வெறும் ஐயமன்று.

கடலலை உடையும்போது நீர்த்திவலை நுண்துகளாய்க் காற்றில் ஏறும். நீர் வற்றியபின் எஞ்சிய உப்பைக் காற்று கொண்டுவந்து இரும்பின்மேற் படியவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும் இயல்பினது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தளவு ஏறியவுடன் சோற்றுப்பு தானே நீராய்க் கசியும். கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதனினும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். ஆதலின் மழை பெய்யாத நாளினும் கடலோர ஆணி நனைந்தே இருக்கின்றதென்க. அந்நீரிலுள்ள குளோரைடு, உலோகத்தைக் காக்கும் மெல்லிய மேற்படலத்தை ஊசிபோல் துளைக்கும். நம் கடற்கரையூர்களிலும் சன்னற் கம்பி துருவேறி வீங்கிச் சுண்ணச்சாந்தைப் பிளந்து தள்ளுவதற்கு இதுவே காரணம்.

இனி, வியப்பான செய்தி ஒன்று. வெட்டவெளியில் மழையில் நனையும் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். மேலே மறைப்புள்ள இரும்பு நெடுநாள் நிற்கும் என்றே நாம் எண்ணுவோம். கடலோரத்தில் நேர்மாறானது உண்மை. மழை உப்பைக் கழுவிச் செல்கின்றது. மறைவிடத்தில் உப்புக்காற்று புகும், மழை புகாது. ஆண்டுதோறும் உப்பு அடுக்கடுக்காய்ப் படியும். அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை நிறுவனம் கடலோரக் கட்டடங்களின் இரும்பு இணைப்புக்களைப்பற்றி 1996இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏடு இதனை வற்புறுத்துகின்றது. தூண்மேல் நிற்கும் வீட்டின் அடிப்புறமும் தளத்தின் அடிப்புறமும் போன்ற அரைமறைவான இடங்களே மிகக் கொடியவை என்பது அதன் கருத்து. கட்டடத்தின் பளுவை ஏந்தும் இணைப்புக்கள் அனைத்தும் இருப்பது அவ்விடத்திலேதான்! கண்ணுக்குத் தெரியும் கைப்பிடி ஆணி பளபளக்க, காணாத ஆணி நூலாய்த் தேய்ந்திருத்தல் இதனாற் கூடும்.

2015ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள், அந்நாட்டு விடுதலை நாள் விழாவில், முற்கூறிய எமரால்ட் ஐல் ஊரில் ஒரு வாடகை வீட்டின் தளத்தில் பெருங்குடும்பமொன்று புகைப்படத்துக்காக ஒருங்கே நின்றது. தளம் அப்படியே கீழே விழுந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஆணிகள் உப்பாற் கெட்டிருந்தன என்பதே பின்னர்க் கண்ட காரணம். அதற்குப் பதினெட்டு நாளுக்கு முன்னே, சூன் 16ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரில் அடுக்குமாடி வீட்டின் முகப்புத்தளம் ஒன்று முறிந்து, நம்மொத்த வயதினரான இளைஞர் அறுவர் உயிர் துறந்தனர். பிறந்தநாள் விருந்துக்குக் கூடியவர் அவர். அது கலவைப்பலகைத் தளமன்று. உப்பும் அதற்குக் காரணமன்று. உள்ளே சிக்கிய ஈரத்தால் சட்டங்கள் உளுத்திருந்தன. மேலே நின்றோர்க்கு அது புலப்படவில்லை. 2018இல் அம்மாநிலம், மூன்றும் அதற்கு மேலும் குடியிருப்புக்களுள்ள வாடகைக் கட்டடங்களின் முகப்புத்தளங்களைக் குறித்த கால இடைவெளியிற் சோதிக்கவேண்டுமெனச் சட்டம் இயற்றிற்று. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டே தளம் அமைக்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, தளத்தை வீட்டோடு இணைக்கும் இடம். வீட்டுச் சுவரோடு கிடையாகப் பொருத்தும் தடித்த மரத்தைச் சுவர்ச்சட்டம் என்று சொல்லிக்கொள்வோம். தளத்தின் ஒரு பக்கம் முழுதும் இதன்மேலேயே தொங்குகின்றது. இதனை ஆணியால் மட்டும் அறைந்து நிறுத்துதல் தகாது. ஆணி, குறுக்கே வெட்டும் விசையை ஓரளவு தாங்கும். வெளியே இழுக்கும் விசைக்கோ எளிதிற் கழன்றுவிடும். பலர் கூடி ஒருபுறம் சாயும்போது உண்டாவது இழுக்கும் விசையே. ஆதலின் அரையங்குலப் பருமனுள்ள பெருந்திருகாணிகளாலோ, நம் தச்சர் போல்ட்டு என வழங்கும் மரையாணிகளாலோ வீட்டின் உட்சட்டத்தோடு பிணைக்க வேண்டும். அமெரிக்கக் கட்டட விதி தளத்தின் ஒவ்வொரு சதுர அடியும் 40 பவுண்டு பளுவைத் தாங்கவேண்டுமென்கின்றது. பன்னிரண்டடிக்குப் பத்தடியான சிறு தளத்துக்கே இது 4,800 பவுண்டாகும். அதில் ஏறக்குறையப் பாதி சுவர்ச்சட்டத்தின் பங்கு. இவ்வெண்ணை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தவர் ஆணியை நம்பார்.

சுவர்ச்சட்டத்தின் தலைமேல் மழைத்தகடு கட்டாயம் வேண்டும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே நீர் இறங்குமாயின் இரண்டும் உளுக்கும். தகட்டின் மேல்விளிம்பு சுவர்ப்பூச்சின் உள்ளே ஏறியும், கீழ்விளிம்பு சட்டத்துக்கு முன்னே வளைந்தும் இருத்தல் வேண்டும். அலுமினியத் தகடு மலிவு. ஆயினும் ஈண்டு ஆகாது. காரணத்தை இங்கே கூறிவிடுகின்றேன். மரத்துக்கு மருந்தேற்றப் பண்டு குரோமியம், செம்பு, ஆர்செனிக்கு மூன்றும் சேர்ந்த கரைசலைப் பயன்படுத்தினர். ஆர்செனிக்கு நஞ்சாதலின், வீட்டு வேலைகளுக்கு அம்மருந்தேற்றுவதை உற்பத்தியாளர் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிட்டனர். பின்வந்த மருந்துகளிற் செம்பின் அளவு மிகுதி. ஈரத்தின் முன்னிலையிற் செம்பு, அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்துத் தின்னும். மனிதர்க்கு நலம் செய்த மாற்றம் ஆணிக்குத் தீங்காயிற்று. ஆகவே செம்புத்தகடோ, துருப்பிடியா எஃகுத் தகடோ, பிளாஸ்டிக்குத் தகடோ கொள்க.

அடுத்தது ஆணியும் இணைப்பும். நாம் எவர்சில்வர் என்று சமையலறையில் வழங்கும் துருப்பிடியா எஃகிற் பலவகை உண்டு. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்தது 304 எனப்படும்; உள்நாட்டுக்கு அது சாலும். அதனோடு மாலிப்டினம் என்னும் உலோகம் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு சேர்ந்தது 316. குளோரைடு துளைப்பதை எதிர்த்து நிற்பது அச்சிறு பங்கே. கடலினின்றும் 300 அடிக்குள் அமையும் தளங்களுக்குத் துருப்பிடியா எஃகே வேண்டுமென்பது அமெரிக்க வீட்டுக் கட்டட விதி. 316ஐக் கொள்ளுதல் அறிவுடைமை. அவ்வெல்லையைத் தாண்டினாற் பயமில்லை என்பதன்று. உப்பின் வேகம் படிப்படியாகக் குறைவதன்றி ஓரிடத்தில் வேலியிட்டு நிற்பதில்லை. திறந்த கடலை எதிர்நோக்கிய வீட்டுக்கு மேலும் தொலைவு வரை அதே கவனம் வேண்டும்.

சிலர் செலவைக் கருதி மேலே தெரியும் திருகாணிக்கு மட்டும் எவர்சில்வரையும், கீழே சட்டத்தைத் தாங்கும் கொளுவிகட்குத் துத்தநாகம் பூசிய இரும்பையும் வாங்குவர். இது தலைகீழான சிக்கனம். அன்றியும், கொளுவி ஒன்றாகவும் அதன் ஆணி மற்றொன்றாகவும் இருப்பின், உப்புநீர் இடைநின்று இரண்டையும் மின்கலம் போலாக்கும். துத்தநாகம் தன்னை இழந்து அழியும். கொளுவியும் ஆணியும் ஒரே உலோகமாயிருத்தல் வேண்டும் என்பது விதி. கையிலுள்ள பொருள் குறைவாயின், பலகையில் மலிவானதை வாங்கிக் கொளுவியில் உயர்ந்ததை வாங்குமாறே யான் சொல்வேன். கடைக்காரர் இதற்கு உடன்படுவாரோ என்பது ஐயமே.

சட்டங்களை ஒன்றற்கொன்று 16 அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளியில் நிறுத்துக. பலகையைச் சாய்வாகப் பாவுவதாயினும், படிக்கட்டாயினும் 12 அங்குலமே தகும். மரப்பலகைக்கு இதனினும் அகன்ற இடைவெளி பொறுக்கலாம். கலவைப்பலகை வெயிலிற் சிறிது இளகுமாதலின் நடுவே தொய்யும். ஒவ்வொரு சட்டத்தின் தலைமேலும் ஒட்டும் தார்ப்பட்டை ஒன்றை நீளவாட்டில் ஒட்டிவிடுதல் இக்காலத்து நல்வழக்கு. திருகாணி துளைத்த வழியே நீர் சட்டத்தினுட் புகாமல் அது தடுக்கும். சிறு செலவில் இத்துணைப் பயன் தரும் வேறொன்றை யான் கண்டிலேன்.

பலகை பாவுவதில் அறியத்தக்கது, இது மரத்தைப்போல நடவாது என்பது. மரம் ஈரத்தால் அகலத்தில் விரியும் என்றேன். இதுவோ வெப்பத்தால் நீளத்தில் விரியும். பதினாறடிப் பலகை குளிர்காலக் காலையிலிருந்து கோடை நண்பகலுக்குள் ஏறக்குறையக் கால் அங்குலம் நீளும். ஆதலின் முனையோடு முனை முட்டப் பாவினால் வெயிலில் ஒன்றையொன்று தள்ளி மேலெழும். எத்துணை இடம் விடுவது என்பது பாவும் நாளின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்நாளிற் பாவினால் மிகுதியும், வெயில்நாளிற் பாவினாற் குறைவும் விடுதல் வேண்டும். உற்பத்தியாளர் இதற்கு அட்டவணை கொடுப்பர். அதனைப் பார்த்தே அறுக்க. பக்கவாட்டில் ஏறக்குறையக் கால் அங்குல இடைவெளி நீர் வடியவும் காற்று ஊடாடவும் உதவும். உறையிட்ட பலகையை அறுத்த முனையில் உள்ளிருக்கும் மரத்தூள் வெளிப்படும். அம்முனைகள் ஈரம் தேங்கும் இடத்தில் அமையாதவாறு பார்த்துக்கொள்க.

கைப்பிடியைப்பற்றிச் சுருங்கச் சொல்வேன். தளம் நிலத்தினின்றும் 30 அங்குலத்துக்கு மேல் உயருமாயின் 36 அங்குலத்துக்குக் குறையாத கைப்பிடி வேண்டும். அதன் கால்களைப் பலகையின்மேல் நிறுத்தித் திருகுதல் பயனற்றது. சட்டத்தோடு மரையாணியாற் பிணைத்தாலே நிற்கும்.

அமைத்தபின் செய்யவேண்டியது, மேலே கூறியவாறு, குறைவு, ஆனால் இன்மையன்று. நல்ல நீரால் அடிக்கடி கழுவுக. மேலே மட்டும் கழுவி நின்றுவிடுதலே எல்லாரும் செய்வது. நீர்க்குழாயைக் கீழே கொண்டுசென்று சட்டங்களையும் கொளுவிகளையும் மேல்நோக்கிக் கழுவுதல் வேண்டும். மழை செய்யாத வேலையை நாம் செய்கின்றோம். பலகை இடைவெளிகளிற் சேரும் மணலையும் இலையையும் மெல்லிய கத்தியால் எடுத்துவிடாவிடின் அங்கே ஈரம் தங்கும். மேற்புறத்துப் பூஞ்சையும் பெரும்பாலும் அக்குப்பையை உண்டே வளர்கின்றது. ஆண்டுக்கொருமுறை கூரிய திருப்புளி ஒன்றால் சுவர்ச்சட்டத்தையும், தூண் நிலத்தைத் தொடும் இடத்தையும் குத்திப் பார்க்க. எதிர்ப்பின்றி உட்செல்லுமாயின் மரம் உளுத்ததென்று அறிக. கொளுவியின் மடிப்புக்களிலும் ஆணித்தலையைச் சுற்றியும் செந்நிறக் கசிவு தோன்றின், துடைத்து வண்ணம் பூசாதீர், மாற்றுக.

இதற்கோர் இடர் உண்டு. நிலத்துக்கு அணித்தாய் அமைந்த தளத்தின் கீழே ஆள் புகுதல் இயலாது. இக்காலத்தில் ஆணித்தலை தெரியாதிருக்கப் பலகையின் விளிம்புப் பள்ளத்திற் செருகும் மறைகொளுவிகளைப் பயன்படுத்துகின்றனர். அவ்வாறு பாவிய தளத்தின் நடுவிலுள்ள ஒரு பலகையை மட்டும் எடுக்க முயல்வோர் ஓரத்தினின்றும் வரிசையாகக் கழற்றிவர வேண்டியதாகும். எவர் அதைச் செய்வார்? ஆதலின் பாவும்போதே, சுவர்ச்சட்டத்தை ஒட்டிய இரண்டு பலகைகளையும், உத்திரத்தின்மேல் அமையும் இரண்டையும் மறைகொளுவியின்றி மேலிருந்தே எவர்சில்வர்த் திருகாணியிட்டு நிறுத்துக. ஆணித்தலை தெரிவது சிறு அழகுக்குறைவே. ஆண்டுதோறும் குளிர்காலத் தொடக்கத்தில், விருந்தினர் சென்றபின், அந்நான்கு பலகைகளையும் கழற்றி, விளக்கொன்றைக் கயிற்றிற் கட்டிக் கீழே இறக்கிப் பார்க்கலாம்.